ஆயுள் நாற்காலி

அலபாமா மாநிலத்தில் செல்மாவிலிருந்து தலைநகர் மான்ட்கோமரிக்கு 54 மைல். 1965 மார்ச் 17 அன்று மார்ட்டின் லூதர் கிங்கின் ஆட்கள் வாக்குரிமை கேட்டு அந்தத் தூரத்தை நடந்தே போகலாம் என்று ஒரு நீதிமன்ற உத்தரவு வந்தது. அதில் தத்துவமும் உண்டு, சாலைக் கணக்கும் உண்டு. இழைக்கப்பட்ட அநீதி எவ்வளவு பெரிதோ, அதை எதிர்த்துக் கூடி நடக்கும் உரிமையும் அந்த அளவுக்குப் பெரிது என்பது தத்துவம். நெடுஞ்சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது கணக்கு. பத்து நாள் முன்புதான் செல்மா பாலத்தில் மாநிலப் போலீஸ் தடியடி நடத்திக் கண்ணீர்ப்புகை வீசியிருந்தது. அந்தக் காட்சிகள் நீதிமன்றத்திலேயே திரையிட்டுக் காட்டப்பட்டன.

உத்தரவை எழுதிய ஃபிராங்க் எம். ஜான்சன் உச்ச நீதிமன்றக்காரர் அல்ல. மான்ட்கோமரியில் இருந்த ஃபெடரல் மாவட்ட நீதிபதி. சாட்சியை நேரில் பார்த்து, ஆவணத்தைக் கையில் வாங்கி விசாரிக்கிறவர். நம் பேச்சில் சொன்னால் கீழ்க்கோர்ட். ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அவருடைய சட்டக் கல்லூரித் தோழர், மாநிலத்தில் அசைக்க முடியாத செல்வாக்குள்ளவர். அவரை எதிர்த்து ஒரு கீழ்க்கோர்ட் நீதிபதி இப்படி எழுத முடிந்தது எப்படி?

பிறந்த மண் ஒரு காரணம் என்பார்கள். ஜான்சனின் வின்ஸ்டன் மாவட்டம், 1861இல் அலபாமா நாட்டிலிருந்து பிரிந்தபோது அதோடு ஒத்துப்போகாத ஊர். நார்மண்டிப் போர்முனையில் காயம்பட்டுத் திரும்பியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தைரியசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. தைரியத்தைக் காட்டிய பிறகும் வேலையில் நீடிப்பவர்கள்தான் குறைவு. அவரை நீடிக்க வைத்தது அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு. ஜனாதிபதி பெயரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தரும். அதன்பின் நன்னடத்தை உள்ளவரை பதவி. சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஓய்வு வயது கிடையாது. இடமாற்றம் என்ற மிரட்டலும் இல்லை. வெளியேற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் கீழவை பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்து, செனட் அதை விசாரித்துத் தீர்க்க வேண்டும். இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஃபெடரல் நீதிபதிகள் 15 பேர், பதவி இழந்தவர்கள் 8 பேர்.

ஜான்சன் 1955இல் ஜனாதிபதி ஐசன்ஹோவரால் நியமிக்கப்பட்டுப் பதவியேற்றபோது வயது 37. சில வாரங்களில் அதே ஊரில், பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். மறு ஆண்டு ஜூனில் மூன்று நீதிபதிகள் அமர்வு, பேருந்தில் நிறப் பிரிவினை செல்லாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த இருவரில் ஒருவர் ஜான்சன். அவர் வீட்டு வாசலில் சிலுவை எரித்தார்கள். 1967இல் அவருடைய தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டிய நீதிபதியாக இருந்திருந்தால் அடுத்த தேர்தலோடு கதை முடிந்திருக்கும். அலபாமாவின் மாநில நீதிபதிகள் இன்றும் தேர்தலில் நின்றுதான் வருகிறார்கள்.

ஆயுள் பதவியைப் புகழ்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த மாநிலத்துக்குப் போக மாட்டார்கள்.

அடுத்த மாநிலம் மிசிசிப்பி. 1961இல் கென்னடி அங்கே வில்லியம் ஹெரால்ட் காக்ஸை ஃபெடரல் மாவட்ட நீதிபதியாக நியமித்தார். செனட் நீதிக்குழுத் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் கல்லூரிக்கால அறைத்தோழர். வழக்கறிஞர் சங்கம் அவருக்கு அளித்தது ஆக உயர்ந்த தகுதி மதிப்பீடு. அந்தத் தகுதிக்காரர் 1964இல் நீதிமன்றத்தில் அமர்ந்தபடியே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வரிசையில் நின்ற கறுப்பின மக்களைச் சிம்பன்சிகளோடு ஒப்பிட்டுப் பேசினார். அவரையும் யாராலும் அசைக்க முடியவில்லை. ஜான்சனைக் காத்த அதே மூன்றாம் பிரிவு அவரையும் காத்தது.

தப்பான தீர்ப்பென்றால் அப்பீல் இருக்கிறதே என்று கேட்கலாம். நம் ஊர் கோர்ட் வாசலை மிதித்த எவருக்கும் இதற்குப் பதில் தெரியும்: தீர்ப்பு வந்தால்தானே அப்பீல்? விசாரணை நீதிபதியின் பெரிய ஆயுதம் வாய்தா. மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் மாவட்டத்தில் கறுப்பின மக்களின் பெயரைச் சேர்க்க மறுத்துவந்த பதிவாளர்மீது 1961 ஜூலையில் மத்திய அரசு வழக்குப் போட்டது. காக்ஸ் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் 1962 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தானே தடை உத்தரவு போட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் வாதி அமெரிக்க அரசாங்கம். சாதாரண மனிதர் வாதி என்றால் அந்த மாதங்கள் ஆண்டுகளாகியிருக்கும். தீர்ப்பைத் திருத்த மேலே ஆள் உண்டு. கடந்துபோன தேர்தலைத் திருப்பித் தர எந்த மேல்கோர்ட்டாலும் முடியாது.

ஆனால் காக்ஸை முழு வில்லனாக எழுதிவிட்டால் நான் சொல்ல வருவது தவறிவிடும். மூன்று சிவில் உரிமை ஊழியர்கள் நெஷோபா மாவட்டத்தில் கொல்லப்பட்ட வழக்கு அவரிடம்தான் வந்தது. முதலில் குற்றச்சாட்டின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார். 1966இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மறு ஆண்டு மெரிடியனில் விசாரணை நடந்தபோது, இறந்தவர்களில் ஒருவரை இழிவுபடுத்தும் கேள்வியைப் பிரதிவாதி வழக்கறிஞர் எழுப்ப, இதைக் கேலிக்கூத்தாக்க விடமாட்டேன் என்று காக்ஸ் அவரைக் கண்டித்தார். ஜூரிகள் முடிவுக்கு வர முடியாமல் தவித்தபோது, மறுபடி உட்கார்ந்து பேசுங்கள் என்று அனுப்பினார். அமெரிக்க வழக்கறிஞர்கள் இதை டைனமைட் அறிவுரை என்பார்கள். எழுவர் தண்டிக்கப்பட்டார்கள். 1965 டிசம்பரில், சிவில் உரிமை ஊழியர் வயோலா லியூசோவின் கொலையை ஒட்டிய வழக்கில் மூன்று கு கிளக்ஸ் கிளான்காரர்களை விசாரித்த ஜான்சனும் தடுமாறிய ஜூரியிடம் அதையேதான் செய்திருந்தார். அங்கும் தண்டனை கிடைத்தது. இரண்டு நீதிபதிகள், ஒரே சட்டம், ஒரே வகை அறிவுரை. அவர்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசம், வழக்கு எத்தனை நாள் கிடந்தது என்பதிலும் வழியில் யார் நொந்தார்கள் என்பதிலும் இருந்தது. மேல்முறையீட்டுப் புத்தகங்களில் அது பதிவாவதில்லை.

ஜான்சனிடம் குறை இல்லையா? உண்டு, அது அவருடைய பலத்திலேயே இருக்கிறது. 1970இல் டஸ்கலூசாவில் இருந்த பிரைஸ் மனநல மருத்துவமனையில் ஆட்குறைப்பு செய்ததை எதிர்த்து ஒரு வழக்கு வந்தது. அது நோயாளிகளின் வழக்காக மாறியது. கட்டாயமாக அடைத்து வைத்தால் சிகிச்சை தர வேண்டியது அரசியல் சாசனக் கடமை என்று 1971இல் ஜான்சன் சொன்னார். மாநிலத்துக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார். எதுவும் நகரவில்லை. 1972இல் அவரே விதி எழுதினார்: எட்டு நோயாளிக்கு ஒரு கழிப்பறை, பதினைந்து பேருக்கு ஒரு குளியலிடம். 1976இல் சிறைகள் பக்கம் திரும்பி, ஓர் அறைக்கு 60 சதுர அடியாவது வேண்டும் என்றார்.

எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை என்று ஒரு நீதிபதி எழுத வேண்டியிருந்தால் அந்த ஆஸ்பத்திரி எப்படிக் கிடந்திருக்கும் என்பது முதல் எண்ணம். கழிப்பறைக்குப் பணம் ஒதுக்குவது சட்டமன்றத்தின் வேலை, வாக்குக் கேட்காத ஒருவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது இரண்டாவது. வாலஸ் இரண்டாவதைத்தான் மேடைக்கு மேடை முழங்கினார். கெட்ட வாயிலிருந்து வந்ததாலேயே அந்தக் கேள்வி கெட்ட கேள்வி ஆகிவிடாது. அந்த மருத்துவமனை வழக்கு 2003 டிசம்பரில்தான் முடிந்தது. ஜான்சன் 1979இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார், 1999இல் இறந்தும் விட்டார். வழக்கு மட்டும் 33 ஆண்டு ஓடியது. செய்ய மறுத்த அரசுக்குப் பதிலாக நீதிமன்றம் செய்தது சரி என்பதே என் கட்சி. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு எல்லை வகுக்க எவரும் இல்லை, நீதிபதியின் மனச்சாட்சியைத் தவிர. காக்ஸுக்கும் மனச்சாட்சி என்று ஒன்று இருந்தது.

வயது விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கான்சாஸின் வெஸ்லி பிரவுன், கென்னடி 1962இல் நியமித்தவர், 2012இல் 104 வயதில் இறக்கும்வரை நீதிபதியாக இருந்தார். கடைசிக் காலத்தில் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு அமர்வாராம். இது கின்னஸ் செய்தி, அவ்வளவே. உறுத்துவது நெவாடாவின் ஹாரி கிளைபோர்ன். வரி ஏய்ப்புக்காகச் சிறையில் இருந்தபடியே நீதிபதி சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார், 1986இல் செனட் நீக்கும்வரை.

இன்னொரு ஓட்டை உண்டு. ஆயுள் பதவி பயத்தைப் போக்கும், ஆசையைப் போக்காது. மாவட்ட நீதிபதிக்கு மேலே மேல்முறையீட்டு நாற்காலி இருக்கிறது. அதைத் தருவது மறுபடியும் ஜனாதிபதியும் செனட்டும்தான். நம் நீதிபதிகளைப் பற்றி ஓய்வுக்குப் பின் எந்த ஆணையம், எந்தத் தீர்ப்பாயம் என்று பேசிக்கொள்கிறோமே, அந்த நோய்க்கு அங்கே பதவியில் இருக்கும்போதே இடம் உண்டு.

சரிசெய்ய வேண்டியது ஆயுள் பதவியை அல்ல என்றே நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டால் அடுத்த ஜான்சன் முதல் ஆண்டிலேயே போய்விடுவார்; அடுத்த காக்ஸுக்கு ஒரு குறையும் வராது, ஊரே அவர் பக்கம். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பது குலுக்கலில் அமைய வேண்டும். டெக்சாஸின் அமரில்லோ போல ஒரே நீதிபதி இருக்கும் ஊரைத் தேடிப்போய் வழக்குத் தொடுப்பது, ஆளைப் பார்த்து நீதி வாங்குவது. 2022இல் கருக்கலைப்பு மாத்திரைக்கு எதிரான வழக்கு அங்கே போனதும், வழக்குத் தொடுக்கவே அவர்களுக்கு உரிமை இல்லை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியதும் இதற்குச் சாட்சி. மற்றது, நியமிக்கும் நாள். ஒரு மனிதருக்கு ஆயுள் முழுக்க நாற்காலி தரும் முடிவை ஒரு செனட்டரின் பழைய நட்பு தீர்மானித்தால், பிறகு எந்த அப்பீலும் உதவாது.

மான்ட்கோமரியின் ஃபெடரல் நீதிமன்றக் கட்டடத்துக்கு இன்று ஃபிராங்க் ஜான்சனின் பெயர். காக்ஸ் அமர்ந்த ஜாக்சன் நகரக் கட்டடத்துக்கு வைத்தது ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பெயர்.