உரிதலும் உரித்தலும்: பாம்புச் சட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

மேலடுக்கு நீங்குதலைக் குறிக்கும் தமிழ் வினைகளுள் 'உரி' முதன்மையானது. 'தோல் உரிந்தது' என்பதில் அது செயப்படுபொருள் குன்றிய வினை. 'வெங்காயத்தை உரித்தாள்' என்பதில் குன்றா வினை. இப்பகுப்பு பாடநூலுக்குப் போதுமானது, பாம்புக்குப் போதாது. 'பாம்பு சட்டை உரித்தது' என்னுமிடத்து உரிப்பதும் உரிபடுவதும் ஒன்றே.

பகுப்பை விதியாக இறுக்கவும் இயலாது. பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் ஒரு பகுதி 'துகிலுரிதற் சருக்கம்' எனப் பெயர் பெறுகிறது. உரிப்பவன் துச்சாதனன், வடிவமோ 'உரிதல்'. ஆடையைப் பொறுத்தவரை மெல்வினை வடிவமே செயப்படுபொருளை ஏற்றுவந்திருக்கிறது.

தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் தடாப் பகுதி (முன்பு நெல்லூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம்) ஒப்பீட்டுக்கு வாய்ப்பானது. தெலுங்கில் பாம்பு 'குபுசத்தை விடுகிறது'. குபுசம் மேற்சட்டையையும் குறிக்கும். அவ்வினை உடுத்ததைக் களைவதற்கும் ஆகும். வடமொழிக் 'கஞ்சுக'த்திற்கும் இவ்விரு பொருளும் உண்டு. தமிழ், பெயரில் 'சட்டை' என ஆடையைக் கொண்டு, வினையில் தோலுக்குரிய 'உரி'யை விடாது வைத்துக்கொண்டது. 'யானையுரி', 'மரவுரி' ஆகிய பெயர்களில் இப்போக்கு தலைகீழாகிறது. அங்கே உரிக்கப்பட்டது உடையாகிறது.

அறிவியல் தமிழில் இதற்குத் 'தோலுரித்தல்' எனச் சிலர் எழுதுவது பொருத்தமன்று. 'தோலை உரித்தது' என்றால் யாருடைய தோலை என்னும் வினா எழும். 'சட்டை உரித்தது' என்றால் எழாது. பொதுவழக்கில் தோலுரித்தல் ஆட்டை உரிப்பதையும் பிறர் பொய்மையை வெளிப்படுத்துவதையும் சுட்டும். இரண்டிலும் உரிப்பவர் வேறு, உரிபடுபவர் வேறு. 'தோலுரிதல்' என மாற்றின், உயிரின் முயற்சி மறைந்துவிடும். பாம்பு முகத்தைக் கரடான பரப்பில் உரசிப் பழந்தோலைப் பிளந்து, அதனின்று ஊர்ந்து வெளிவருகிறது. அத்தோல் பெரும்பாலும் உட்புறம் வெளியாகக் கிடக்கும். வெயிலில் நம் முதுகு உரிவது இத்தகைய செயலன்று. நாட்டுவழக்கு கொச்சையெனக் கருதிச் 'சட்டை'யை நீக்கியதால் வந்த குறை இது.

தடாவை ஒட்டிய பழவேற்காட்டு ஏரியின் இறாலுக்கும் நண்டுக்கும் தோலுரித்தல் இன்னும் பொருந்தாது. அவை வளருந்தோறும் விட்டு வெளிவருவது ஓட்டை. 'ஓடு கழற்றுதல்' என்றே எழுதலாம்.