ஒப்புதல் கேட்க ஆளில்லாத உடல்

ஷூடு என்கிற பெண்ணின் படங்கள் 2017இல் இன்ஸ்டாகிராமில் வெளிவரத் தொடங்கின. கன்னங்கரிய மேனி, நீண்ட கழுத்து, கழுத்தில் அடுக்கடுக்காகப் பொன் வளையங்கள். 2018 பிப்ரவரியில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி நிறுவனம், தன்னுடைய உதட்டுச்சாயத்தோடு அவள் இருக்கும் படத்தை எடுத்துப் போட்டது. யார் இவள் என்று தேடியவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்பது. காமரூன்-ஜேம்ஸ் வில்சன் என்ற வெள்ளைக்காரப் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் கணினியில் செய்த உருவம் அது. அதே ஆண்டு பாரிசின் பால்மெய்ன் ஆடை நிறுவனம் ஷூடுவையும் வேறு இரண்டு கணினி உருவங்களையும் தன் விளம்பரத்தில் நிறுத்தியது.

இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குப் போத்ரியார் ஞாபகம் வந்துவிடும். மூலமில்லாத நகல் என்று ஒரு வரி சொல்லிவிட்டு விவாதத்தை மூடிவிடுவோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூலம் இல்லை என்பது அந்த நகலை விற்பவர்களுக்கு வசதியான வாதம்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வில்சன் பயன்படுத்தியது டாஸ் த்ரீடி என்கிற மென்பொருள். அதில் ஆயத்தமான மனித உடல் ஒன்று கிடைக்கும். பலகோணங்களால் பின்னிய வலை அது. மூக்கை, தாடையை, இடுப்பை இழுத்தும் குறுக்கியும் உருவத்தை மாற்றலாம். மேலே தோலைப் போர்த்த வேண்டும். இந்த வகைத் தோல்கள் பெரும்பாலும் மனிதர்களின் தோலைப் படமெடுத்துச் செய்யப்படுபவை. துணிக்கு க்ளோ போன்ற மென்பொருள்கள் உண்டு. தையற்காரர் வெட்டுவது போலவே துண்டுதுண்டாக வெட்டி, துணியின் எடையையும் விறைப்பையும் எண்களாகக் கொடுத்தால் ஆடை உடம்பின்மேல் வந்து விழும். கடைசியில் விளக்குகளை வைத்து, ஒளி எங்கே பட்டு எங்கே சிதறும் என்று கணக்கிட்டுப் படத்தை வார்த்தெடுக்கிறார்கள்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் பாதாதிகேசம் படித்த எனக்கு இந்த வேலைமுறை அந்நியமாகப் படவில்லை. பாதத்தில் தொடங்கிக் கூந்தல்வரை ஒவ்வோர் உறுப்பாக வர்ணித்துப் போவார் புலவர். தாமரை, மூங்கில், மின்னல் எல்லாம் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கிற சரக்கு. நூறு பாட்டு முடிந்தாலும் அந்தப் பெண் வாய்திறந்திருக்க மாட்டாள். ஷூடுவின் கழுத்து வளையங்களும் கிடங்குச் சரக்குதான். தென்னாப்பிரிக்காவின் இன்டெபெலே பெண்கள் திருமணத்துக்குப் பிறகு அணிகிற வளையங்கள் அவை. வில்சனுக்கு அந்த யோசனை வந்தது அந்தப் பெண்களிடமிருந்து அல்ல, தென்னாப்பிரிக்க இளவரசி என்ற பெயரில் விற்ற ஒரு பார்பி பொம்மையிலிருந்து.

கறுப்பு உடலுக்கும் கேமராவுக்கும் உள்ள பழைய கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகள், கோடாக் வண்ணப் படங்களை அச்சிட்ட கூடங்களில் நிறம் சரியா என்று பார்க்க ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை வைத்திருந்தார்கள். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பு முகங்கள் வெறும் இருட்டாக விழுந்தன. இன்று இயந்திரம் கருந்தோலை அதன் மினுக்கம் குறையாமல் காட்டுகிறது. கேமராவுக்கு முன்னால் கறுப்புப் பெண் வந்து நிற்கத் தேவையில்லை என்றான பிறகு காட்டுகிறது!

ஃபேஷன் படம் எப்போதுதான் உண்மையாக இருந்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி, வச்சுக்குவோம். 2011இலேயே எச் அண்ட் எம் ஒரே கணினி உடம்பின்மேல் வெவ்வேறு பெண்களின் தலைகளைப் பொருத்தி ஆடை விற்றது. அது வெளியே தெரிந்தபோது பெரிய சண்டையானது. ஆனால் அந்தத் தலைகளுக்காவது சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சம்பளம் கேட்கலாம், சண்டை போடலாம். 2025 ஆகஸ்ட் மாத அமெரிக்க வோக் இதழில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்த பெண் செயற்கை நுண்ணறிவு செய்தவள். பக்கத்தில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு முகத்தைச் செய்யும் இயந்திரம் ஏராளமான மனிதர்களின் படங்களிலிருந்து பழகியது. அத்தனை பேரிலும் யார் போய்க் கூலி கேட்பது?

என் கவலை இங்கேதான். 2025 ஜூனில் நியூயார்க் மாநிலத்தில் ஃபேஷன் தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாடலின் கணினிப் பிரதியைச் செய்யவோ பயன்படுத்தவோ அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. மாடல்கள் போராடி வாங்கிய சட்டம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டம் பெயருள்ள ஒருத்தியின் பிரதியைத்தான் பிரதி என்கிறது. ஷூடு யாருடைய பிரதி? ஒருத்தியுடையதும் அல்ல, ஆகவே ஒப்புதல் கேட்க ஆளில்லை. ஆயிரம் பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் யாரிடமும் எடுக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. அலங்காரம் செய்பவர், முடி திருத்துபவர், விளக்குப் பிடிக்கிற பையன், இவர்களுடைய அன்றைய கூலியும் அதே கணக்கில் காணாமல் போகிறது.

அதனால்தான் மூலமில்லாத நகல் என்ற சொல்லை எச்சரிக்கையோடு பயன்படுத்தச் சொல்கிறேன். மூலங்கள் இருக்கின்றன, நிறைய இருக்கின்றன. ஒப்பந்தத்தில்தான் அவர்கள் இல்லை. கோட்பாடு பேசுகிற நாம் படத்தைப் பார்த்து வியப்பதையோ பயப்படுவதையோ கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இது யார் யாருடைய உடம்பிலிருந்து வந்தது, காசு யாருக்குப் போனது என்று கேட்கப் பழக வேண்டும்.