உப்பு விற்றவளின் கேள்வி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் மரக்காணம் என்றால் எனக்குப் பேருந்து ஜன்னலில் தெரியும் வெள்ளைக் குவியல்கள்தான். ஊருக்குள் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயில் இருப்பதும், அதன் கல்வெட்டுகள் உப்பளத்தைப் பேசுவதும் முனைவர் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. போய்ப் பார்த்தேன். கொடையையும் வரியையும் எழுதி வைப்பது கல்வெட்டின் வேலை. அளத்தில் வெறுங்காலோடு நின்றவளை அதில் தேட முடியாது.

அவளைத் தேட நெய்தல் பாட்டுக்குத்தான் போக வேண்டும். அகநானூறு 390, அம்மூவனார் பாடியது. உமணர் மகள் நெல்லுக்கு உப்பு மாற்றச் சேரி சேரியாகக் கூவிப் போகிறாள். ஒருவன் குறுக்கே நின்று, உன் உடம்பில் வாழும் உப்பின் விலை தெரியவில்லையே என்கிறான். எங்களை மறிக்கும் நீங்கள் யார் என்று கேட்டுவிட்டு, லேசான சிரிப்போடு அவள் விலகி நிற்கிறாள்.

இதை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி, “மேடம், இது ஈவ்டீசிங் இல்லையா?” என்றாள். அகமரபு என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். கேள்வி சரியானது. பாட்டு முழுக்க அவன் சொல்வது. அந்தச் சிரிப்பும் அவன் சொல்லித்தான் நமக்கு வருகிறது. அது சம்மதமா, தப்பிக்கும் வழியா? விற்கப் போன பெண்ணுக்கு முகம் கடுத்தால் வியாபாரம் கெடும் என்பது இன்றைய மீன்காரம்மாவுக்கும் தெரியும். அதே புலவரின் 140ஆம் பாட்டில், ஆள் தெரியாமல் குரைக்கும் நாய்க்கு அவள் மிரள்கிறாள். அந்த மிரட்சி அவனுக்குக் கயல்மீன்களின் சண்டையாக அழகாகிவிடுகிறது.

அதற்காகப் பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவளுடைய கேள்வியை அம்மூவனார் விட்டுவிடவில்லை. விட்டவர்கள் நாங்கள், ஆசிரியர்கள். ராஜம் கிருஷ்ணன் 1979இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் தூத்துக்குடி அளத்துக்குப் பொன்னாச்சியை அனுப்பியபோது, குறுக்கே நிற்பவன் காதலன் அல்ல, வேலை கொடுக்கும் அதிகாரம் கையில் உள்ளவன். அங்கே விலகி நின்றால் மறுநாள் கூலி இல்லை. அந்த நாவலைப் படித்த பிறகு 390க்குத் திரும்பினால் சிரிப்பு வேறாகத்தான் தெரிகிறது.

கோயிலிலிருந்து அளத்துப் பக்கம் நடந்தேன். பெண்கள் வரப்பின்மேல் தலைச்சுமையாக உப்பைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கைபேசியை உயர்த்தினேன். முன்னால் வந்த அம்மா கூடையை இறக்காமலே, “யாரும்மா நீங்க, எதுக்குப் படம் புடிக்கிறீங்க?” என்றார்.

பாட்டு நடத்துகிறவள் என்று சொல்ல வாய் வரவில்லை. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, வரப்பைவிட்டு இறங்கி வழிவிட்டேன்.