கேப்டன் லட்சுமியின் நினைவு நூல்: ஒரு திறனாய்வு

போரில் வென்ற படைக்கு நினைவுத் தூண்களை அரசு எழுப்புகிறது. தோற்ற படைக்கு அதில் இருந்தவர்களின் நினைவே துணை. இந்திய தேசிய இராணுவத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும். அப்படையில் மாண்டோர்க்கென்று சிங்கப்பூர்க் கடற்கரைத் திடலில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலை 8ஆம் நாள் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, மீண்டு வந்த பிரிட்டிஷார் அவ்வாண்டிலேயே தகர்த்தனர். அது நின்ற இடத்தைக் காட்டும் அடையாளம் 1995ஆம் ஆண்டில்தான் வைக்கப்பெற்றது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகள் அவ்வீரர்களின் வரலாற்றைக் காத்தவர்களுள் அப்படையின் அதிகாரிகள் முதன்மையானவர்கள்.

அவ்வகை நூல்களுள் இரண்டை ஒப்புநோக்குதல் பயன் தரும். ஒன்று, செங்கோட்டை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஷா நவாஸ் கான் 1946இல் வெளியிட்ட நினைவு நூல். மற்றொன்று, ஜான்சி ராணிப் படையின் தலைவி கேப்டன் லட்சுமி எழுதி 1997இல் வெளிவந்த தன்வரலாறு. முன்னதில் வழக்கின் சூடு ஆறவில்லை. தம் தோழர்கள் துரோகிகள் அல்லர் என்று நிலைநாட்டும் வேட்கை அதில் உண்டு. பின்னது அரை நூற்றாண்டு கடந்து, வாழ்ந்து முடித்த ஒருவர் அமைதியாகத் திரும்பிப் பார்ப்பது. முன்னதில் வேகம் மிகுதி. பின்னதில் நிதானம் மிகுதி. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழராகிய நமக்குப் பின்னதே நெருக்கமானது.

லட்சுமி 1914இல் சென்னையில் பிறந்தவர். 1938இல் அங்கேயே மருத்துவப் பட்டம் பெற்றவர். 1940இல் சிங்கப்பூர் வந்து மருத்துவத் தொழில் நடத்தியவர். 1943 ஜூலையில் நேதாஜிக்குப் பெண்கள் அணிவகுப்பு மரியாதை அளிக்க வேண்டுமென்றபோது, சேலையுடுத்திய இருபது பெண்களைத் திரட்டித் துப்பாக்கி ஏந்தப் பழக்கி நிறுத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. பலர் நம்ப மறுத்த ஒன்று மூன்று மாதங்களில் முகாமாக உருப்பெற்றது. இத்தகைய நிகழ்ச்சிகளின் நடுவில் தாமே நின்றிருந்தும் அவர் தற்புகழ்ச்சிக்கு இடம் தரவில்லை என்பது நூலின் முதற்சிறப்பு.

அப்படையில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் பலர். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள் அதன் விடுதலைக்காகச் சீருடை அணிந்தனர். படையின் பொதுமொழியோ இந்துஸ்தானி. நேதாஜியின் பேச்சையும் மேடையில் தமிழாக்கிச் சொன்ன பின்னரே மலாயாக் கூட்டங்களில் பலர் உணர முடிந்தது. கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சி வாழ்ந்த பெண்ணுக்கு அந்தச் சீருடை என்ன பொருள் தந்தது? இவ்வினாவை எழுப்பிக்கொண்டு படிக்கும்போதுதான் நூலின் எல்லை புலப்படுகிறது.

லட்சுமி பரிவோடு எழுதுகிறார். ஆயினும் முகாமை அவர் தலைமையிடத்திலிருந்தே காண்கிறார். கற்ற குடும்பத்து மருத்துவருக்கும் பால்மரம் சீவிய பெண்ணுக்கும் இடையிலிருந்த தொலைவைப் பரிவு குறைக்கலாம். முற்றும் அழிக்க இயலாது. தோட்டத்துப் பெண்கள் நூலில் பெரிதும் ஒரு கூட்டமாகவே தோன்றுகின்றனர். இதனைக் குற்றம் என்பதினும் தன்வரலாறு என்னும் இலக்கிய வகைக்கு இயல்பான வரம்பு என்பதே பொருந்தும். தான் கண்டதையே சாட்சி சொல்ல முடியும்.

இதற்கு ஒரு சான்று காட்டலாம். 1945இல் பர்மாவிலிருந்து திரும்பும் வழியில் ராணிப் படையினர் சென்ற இரயில் தாக்கப்பட்டு, ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு பெண்கள் உயிரிழந்தனர். அப்பயணத்தில் லட்சுமி இல்லை. பர்மாவிலேயே தங்கிப் பின்னர்ப் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். ஆகவே அவ்விருவரின் இறுதிக்குச் சாட்சி சொல்ல உடன் சென்றவர்களே வேண்டும். ஜாய்ஸ் லெப்ரா 2008இலும் வேரா ஹில்டெபிராண்ட் 2016இலும் இப்படையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல்களை வெளியிட்டனர். எஞ்சியிருந்த முதிய வீராங்கனைகளைக் கண்டு அவர்கள் வாய்மொழியைப் பதிந்தமை நன்றிக்குரியது. ஆயினும் தமிழில் சிந்தித்த பெண்களின் நினைவு ஆங்கிலத்தில் பதிவாகும்போது, அவர்தம் பேச்சின் சுவையும் தோட்டத்துச் சொல்வழக்கும் உதிர்ந்துபோகின்றன.

லட்சுமி 2012இல் கான்பூரில் மறைந்தார். மலாயாவில் பிறந்து அப்படையில் தலைமைப் பொறுப்பேற்ற ஜானகி ஆதி நாகப்பன் 2014இல் மறைந்தார். தலைவியரின் பெயர்கள் நிலைத்துவிட்டன. அணியில் நின்றவர்களின் பெயர்கள் அவரவர் பேரப்பிள்ளைகளின் வீட்டில், பழுத்துப்போன ஒரு புகைப்படத்தின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கலாம். அப்பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கக்கூடும். தமிழாசிரியர் ஒருவர் கட்டுரைப் பயிற்சிக்கு "எங்கள் பாட்டி" என்று தலைப்புத் தந்து, வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னால், எந்த நூலும் தாராத செய்தி ஒன்று கிடைக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஊக்கத்தை நமக்குத் தருவதே லட்சுமியின் நூலால் விளையும் பெரும்பயன். அதன் நிறைவும் குறைவும் ஒன்றுபோல் அதற்கே துணைசெய்கின்றன.