கூட்டாளிகளின் முணுமுணுப்பும் குடியானவரின் மண்ணும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பர் நம் பெரியோர். உழுதவனுக்காக அரசே கணக்குப் பார்க்கப் புகுந்தால் என்ன மிஞ்சும்? மேற்கு வங்கத்தின் சிங்கூரும் நந்திகிராமும் அதற்கு விடை கூறுகின்றன.

1977-இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி உழவர்க்குச் செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. மறு ஆண்டில் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' வாயிலாகச் சுமார் 14 இலட்சம் வாரக் குடியானவர்களின் பெயர்கள் அரசுப் பதிவேட்டில் ஏறின. நிலக்கிழார் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாத உரிமை அவர்களுக்குக் கிட்டியது.

அதே முன்னணி 2006-இல், ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் டாட்டா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலைக்காக 997 ஏக்கரைக் கையகப்படுத்தியது. கையில் எடுத்த சட்டமோ வெள்ளையர் 1894-இல் இயற்றியது. நிலம் உடையவருக்கு விலை. பதிவு பெற்ற வாரதாரருக்கு அதில் ஒரு பங்கு. பதிவு பெறாதவருக்கும் கூலியாட்களுக்கும் ஒன்றுமில்லை!

ஹல்தியா துறைமுகத்திற்கு எதிர்க்கரையில் உள்ளது நந்திகிராம். இந்தோனேசியாவின் சலீம் குழுமம் அமைக்கவிருந்த இரசாயனத் தொழில் வளாகத்திற்கு நிலம் போகும் என்றறிந்ததும், முஸ்லிம் உழவரும் இந்து உழவரும் தோளோடு தோள் நின்று எதிர்த்தனர். 2007 மார்ச் 14 அன்று காவல்துறை சுட்டதில் பதினான்கு பேர் மாண்டனர். அத்துப்பாக்கிச் சூடு அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்வாண்டே தீர்ப்பளித்தது.

இங்கேதான் கூட்டணி அறம் சோதனைக்கு உள்ளாகிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் பார்வர்டு பிளாக்கும் புரட்சி சோஷலிஸ்ட் கட்சியும் அரசைப் பகிரங்கமாகவே கண்டித்தன. ஆனால் அமைச்சரவையை விட்டு வெளியேறவில்லை. தாங்கள் விலகினாலும் ஆட்சி கவிழாது என்று அவை வாதிடலாம். 294 இடங்கள் கொண்ட பேரவையில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு மட்டுமே 176 இடங்கள் இருந்தது உண்மைதான். ஆட்சி கவிழாது என்பது அமர்ந்திருப்பதற்குக் காரணமாகுமா? விலகலின் பயன் கவிழ்ப்பதில் மட்டும் இல்லை. 'இப்பழியில் எமக்குப் பங்கில்லை' என்று மக்கள் முன் மெய்ப்பிப்பதிலும் இருக்கிறது. வாயால் கண்டித்து, நாற்காலியால் ஆதரிப்பது கண்டனமாகாது, முணுமுணுப்பே ஆகும்.

தொழில் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. வயலை மட்டும் நம்பி வங்கத்து இளைஞர் வாழ்ந்துவிட முடியாது. ஆயின், எவர் வயிற்றை வாட்டி எவர் வயிற்றை நிரப்புவது என்பதை, வயிறு வாடுகிறவரிடம் கேட்டல்லவா முடிவு செய்ய வேண்டும்?

மக்கள் தம் தீர்ப்பை எழுதினர். மார்ச் 14-இல் மகனைப் பறிகொடுத்த ஃபிரோஜா பீபி, 2009 இடைத்தேர்தலில் நந்திகிராமிலிருந்து சட்டமன்றத்திற்குச் சென்றார். 2011-இல் கண்டித்தவரும் கண்டிக்கப்பட்டவரும் ஒருங்கே வீழ்ந்தனர். முப்பத்து நான்காண்டு ஆட்சி 62 இடங்களாகச் சுருங்கியது.

டாட்டா நிறுவனம் 2008-லேயே குஜராத்திற்குச் சென்றுவிட்டது. சிங்கூர் நிலத்தைத் திருப்பித் தருமாறு உச்சநீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டது. பத்தாண்டுகள் கழித்து உழவர் பெற்றது, கான்கிரீட் கலந்த மண். அந்தப் பத்துப் போகங்களை எந்தக் கூட்டணி திருப்பித் தரும்?