அரை இரதன்: வீரரை அளக்கும் கோல்

பாரதப் போர் தொடங்குதற்கு முன்னர், துரியோதனன் தன் படைத்தலைவனாகிய வீடுமனை அணுகி, இரு படையிலும் உள்ள வீரரின் ஆற்றலை அளந்து கூறுமாறு வேண்டுகின்றான். வீடுமனும் ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சுட்டி, இவன் இரதன், இவன் அதிரதன், இவன் மகாரதன் எனத் தரங்கூறிச் செல்கின்றான். வியாச பாரதத்து உத்தியோக பருவத்தில் இப்பகுதி 'இரதாதிரத சங்கியானம்' என்னும் தனிப்பெயருடன் நிற்கின்றது. கதையின் போக்கை நாடுவோர் இதனை வெறும் பெயர்ப்பட்டியலெனக் கருதி விரைந்து கடப்பது வழக்கம். ஆயின், வீரரின் ஆற்றலைத் தரமாகவும் எண்ணாகவும் வகுத்துரைக்க முயன்ற பழைய முயற்சிகளுள் இது தலையாயது. அத்தகைய முயற்சியில் நேரக்கூடிய இடர்ப்பாடுகளும் பெரும்பாலும் இதனுள்ளேயே காணக்கிடக்கின்றன.

வீடுமனது அளவை ஓரளவு ஒழுங்குடையது. துரியோதனன் இரதன், சகுனி ஓர் இரதன், கிருதவர்மனும் சல்லியனும் அதிரதர், சயத்திரதன் இரண்டு இரதருக்கு ஒப்பானவன். பாண்டவர் பக்கத்தில் தருமன் இரதன். வீமன் எட்டு இரதருக்கு நிகரானவன். அருச்சுனனுக்கு இரு படையிலும் நிகரில்லை. இவ்வாறு சென்ற கணக்கில் கன்னனின் முறை வந்ததும் வீடுமனின் சொல் கடுமையாகின்றது. உடன்பிறந்த கவசத்தையும் குண்டலங்களையும் இழந்தவன், பரசுராமரின் சாபத்துக்கு ஆளானவன், ஆதலின் இவன் இரதனும் அல்லன், அதிரதனும் அல்லன், அரை இரதனே என்பது தீர்ப்பு. அருகிருந்த துரோணனும் அதற்கு உடன்படுகின்றான். போர்தோறும் தருக்கிப் பேசிப் புறங்காட்டுபவன் என்றும், இரக்கமும் சோர்வும் உடையவன் என்றும் அவன் கூட்டும் காரணங்கள் சிந்திக்கத்தக்கன. இரக்கமுடைமை வீரனொருவனின் மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு ஏதுவாகக் காட்டப்படுகின்றது.

பாரதக் கதை ஊவாத் தோட்டங்களுக்கு ஏட்டின் வழி வந்ததினும் கூத்தின் வழி வந்ததே மிகுதி. பதுளை, பசறை, ஹாலிஎல, லுணுகலை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டு முதலாக வந்து குடியேறியோர், காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் தம்முடன் கொணர்ந்தனர். கன்னனுக்கு இடப்பட்ட 'அரை' என்னும் சொல் இம்மக்களின் செவியில் ஒலிப்பது போலப் பிறர் செவியில் ஒலித்தல் அரிது. தோட்ட வழக்கில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர் என்பது கணக்கு. 18 கிலோ, 20 கிலோ என்றாற்போலக் குறிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்து சேராவிடின் விழுவது அரைப்பேர். நாள் முழுதும் மலையில் நின்றவள் தராசின்முன் பாதியாளாகி விடுகின்றாள். சரிவு செங்குத்தானதோ, செடி முதிர்ந்ததோ, மழை பெய்ததோ என்பனவற்றைத் தராசு அறியாது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் வீசும் வறண்ட கச்சான் காற்றினால் தளிர் வளர்ச்சி தடைப்படுகின்றது, கூடையும் குறைகின்றது. உலகச் சந்தையில் உயர்ந்த விலைபெறும் ஊவாத் தேயிலையின் தனிமணம் பிறப்பதும் அக்காலத்துக் கொழுந்திலேயாம். எண்ணிக்கை தாழ்ந்த வேளையே தகுதி உயர்ந்த வேளையாக அமைகின்ற இம்முரணை நிறையளவு ஒன்றினால் மட்டும் காட்டவியலாது.

வீரரை எண்ணால் அளக்கும் முயற்சி இக்காலத்தில் வேறொரு துறையிலும் பெருகியுள்ளது. மேசையைச் சூழ்ந்து சிலர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, தாயக்கட்டை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டொன்று மேனாட்டில் தோன்றியது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய அமெரிக்கர் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதன் முதல்நூல். வலிமை, அறிவு முதலாய ஆறு ஆற்றல்களும் அதில் 3 முதல் 18 வரையான எண்களால் குறிக்கப்பெறும். அவ்வழியில் வந்த துணைநூல்கள் இந்தியத் தெய்வங்களையும் விட்டுவைக்கவில்லை; தேவர்களின் வலிமைக்கும் உயிர்நிலைக்கும் எண் வகுத்து அட்டவணையிட்டன. பின்னர் படக்கதைகளில் வரும் அதிவீரர்களுக்கென்றே தனி விளையாட்டுகள் எழுந்தன. ஜெஃப் கிரப் என்பார் ஆக்கி 1984இல் வெளிவந்த 'மார்வல் சூப்பர் ஹீரோஸ்' என்பது ஏழு ஆற்றல்களை வகுத்து, அவற்றின் அளவுகளுக்கு எண்ணோடு அடைமொழிப் பெயரும் சூட்டியது. அற்பம் என்னும் பொருள்படும் படிக்கு 2. இயல்பு என்னும் படிக்கு 6. இவ்வுலகத்ததன்று எனப்படும் படிக்கு 100. இரதன், அதிரதன், மகாரதன் என்னும் பெயர்ப்படிகளை அறிந்த தமிழ் மாணவனுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

சாபத்தையும் குறைபாட்டையும் எவ்வாறு கணக்கிடுவது என்பதில் இவ்விளையாட்டுகளுக்கும் வீடுமனுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. 1981இல் வெளியான 'சாம்பியன்ஸ்' என்னும் விளையாட்டில் வீரனொருவனை ஆக்குதற்குக் குறித்த தொகைப் புள்ளிகள் அளிக்கப்படும். வீரனுக்கு ஒரு குறைபாட்டை ஏற்றுக்கொண்டால் மேலும் சில புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு அவன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளலாம். அக்குறைபாடு ஆட்டத்தில் எத்துணை அடிக்கடி தலைகாட்டும் என்பதைப் பொறுத்தே அதன் பெறுமதி அமையும். வீரனை உண்மையில் தடுக்காத குறைக்கு ஒரு புள்ளியும் இல்லை. இக்கணக்கின்படி கன்னனின் சாபங்கள் அவனுக்குக் கூடுதல் வலிமையை ஈட்டித் தந்திருக்கும். வீடுமனோ அவற்றைக் கழித்தான். எது நேரியது? புதிய கணக்கிலும் ஒரு பிழை உண்டு. கன்னனது சாபம் அடிக்கடி தலைகாட்டுவதன்று. வாழ்நாளில் ஒருமுறையே வருவது. ஆயின் அந்த ஒருமுறையில் தேர்க்கால் நிலத்திற் புதைகின்றது, மந்திரம் மறக்கின்றது, உயிர் போகின்றது. எத்தனை முறை என்று எண்ணும் கோல் இதற்குச் சிறுபுள்ளியே வழங்கும்.

வீடுமன் கூறிய எண்களைக் களத்தின் நிகழ்ச்சிகளோடு ஒப்புநோக்குதல் வேண்டும். 1985இல் தோன்றிய 'டிசி ஹீரோஸ்' என்னும் விளையாட்டில் ஒவ்வொரு படியும் முந்திய படியின் இருமடங்காகும். அம்முறையில் வைத்து நோக்கின், ஓர் இரதனுக்கு மேலே சயத்திரதன் ஒருபடியிலும், வீமன் மூன்றுபடியிலும் நிற்க, கன்னன் ஒருபடி கீழே நிற்பான். அஃதாவது வீமனது ஆற்றலில் பதினாறில் ஒருபங்கே கன்னனுடையது. பதினான்காம் நாட்போரில் இவ்விருவரும் நெடும்பொழுது பொருதனர். கன்னன் பலமுறை பின்வாங்கினான் என்பது உண்மை. அவ்வளவில் வீடுமனின் கணக்குப் பொய்க்கவில்லை. ஈற்றில் படைக்கலமிழந்து நின்ற வீமனை விற்கோடியால் தீண்டி, பெருந்தீனிக்காரனென்று இகழ்ந்து, உயிரோடு விடுத்தவனும் கன்னனே. குந்திக்கு அளித்த வாக்கு அங்கே அவன் கையைத் தடுத்தது. துரோணன் குறையெனக் கூறிய இரக்கமும் ஒருவகையில் அதுவேயாகலாம். பதினாறில் ஒருபங்கினன் முழுவலியானுக்கு உயிர்ப்பிச்சை அளித்தான் எனின், அளந்த கோலை மீளவும் நோக்குதல் இன்றியமையாததாகின்றது.

அசுவத்தாமனைப் பற்றிய தீர்ப்பு இதனினும் விந்தையானது. வில்லாண்மையில் அவனுக்கு நிகர் இரு படையிலும் இல்லை என்று வியந்த வீடுமன், உயிரின்மேல் அவனுக்குள்ள பெருவிருப்பம் ஒன்றினால் அவனை இரதனென்றும் அதிரதனென்றும் எண்ண மறுக்கின்றான். பின்னிகழ்ந்தவற்றை நோக்கின் இம்மதிப்பீடு வியக்கத்தக்க நுட்பமுடையது. பெருவீரர் பகலிற் பொருது மாய, அசுவத்தாமன் எஞ்சியிருந்து, நள்ளிரவில் பாசறை புகுந்து, துயின்றோரைக் கொன்றான். எண்ணிட்டு அளக்கவியலாத குணமொன்றைக் கண்டபோது எண்ணிடாமல் விட்ட நேர்மை இங்குண்டு. கன்னனிடத்தும் அத்தகைய குணங்களே காரணமாகக் கூறப்பட்டிருக்க, அங்கு மட்டும் அரை என்று எண்ணிட்டது ஏன்? ஒருவனுக்கு ஒரு கோலும் மற்றவனுக்கு வேறொரு கோலுமாக அளப்பது நடுவுநிலையாகாது.

வள்ளுவனார் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் செயலின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, துணைவரின் வலிமை என நான்கனையும் தூக்கிப் பார்க்கச் சொல்கின்றார். காலத்தையும் இடத்தையும் அவ்வதிகாரத்தினுள் அடக்காது, அடுத்து இரண்டு அதிகாரங்களாக வேறு வைத்துள்ளார். இவ்வைப்புமுறை பொருள் பொதிந்தது. காலமும் இடமும் ஒருவனது வலிமையின் பகுதியல்ல. வலிமை செயற்படும் சூழல். மண் தேர்க்காலைப் பற்றுதல் இடத்தாலும், மந்திரம் மறத்தல் காலத்தாலும் நேர்ந்தவை. வீடுமன் இவ்விரண்டனையும் கன்னனின் தன்வலிக் கணக்கிலேயே கழித்துவிட்டான். செங்குத்துச் சரிவின் குறையைக் கொழுந்தெடுப்பவளின் பேரில் எழுதும் செயலும் இவ்வகையினதே.

அளவீட்டின் விளைவும் கருதத்தக்கது. அரை இரதன் என்னும் சொல்லைப் பொறாத கன்னன், வீடுமன் வீழுமளவும் களம்புகேன் எனச் சூளுரைத்துப் பத்து நாள் வாளாவிருந்தான். பதினெட்டு நாட்போரில் பாதிக்கு மேற்பட்ட காலம் கௌரவர் அவனை இழந்தனர். களத்தை அறிந்து சொல்லப்பட்ட மதிப்பெண் களத்தையே மாற்றிவிட்டது. இதனை வீடுமன் அறியாதவனல்லன். அம்புப் படுக்கையிற் கிடந்தவேளை தனித்து வந்த கன்னனிடம், உன் கடுமையைத் தணிப்பதற்காகவே வன்சொற் கூறினேன் என்றும், வில்வித்தையில் நீ அருச்சுனனுக்கும் கண்ணனுக்கும் நிகரானவன் என்றும் அவன் மனந்திறந்து கூறுவதாகப் பாரதம் காட்டுகின்றது. அளந்தவனே அளவைத் திருத்தினான். ஆயின் அவையில் அன்று. பட்டியல் எல்லோரும் கேட்க வாசிக்கப்பட்டது. திருத்தமோ ஒருவன் செவிக்கு மட்டும் எட்டியது. இப்பகுதியின் துயரம் இதுவே எனலாம்.

தோட்டக் கூத்துகள் வீரரை அளக்கும் முறை வேறு. அருச்சுனன் தபசில் வேடமிட்டவர் உயர்ந்த கம்பத்தின்மீது பாடியவாறு ஏறுகின்றார். தப்பொலி ஓங்க, கூடியிருப்போர் அண்ணாந்து நிற்கின்றனர். அவரது ஆற்றலைக் காட்டும் எண் அங்கே இல்லை. உயரம் உண்டு, விழுந்துவிடுவாரோ என்னும் அச்சம் உண்டு. கதையிலும் அவ்வாறே. வேடனாகி வந்த சிவனோடு பொருத அருச்சுனனின் அம்புகள் தீர்கின்றன, வில் பறிபோகின்றது, மற்போரிலும் அவன் உணர்விழந்து வீழ்கின்றான். நிகரற்றவன் எனப் பின்னர் வீடுமனால் அளக்கப்பட்ட வீரன், எவ்வாற்றலாலும் வெல்லவியலாத போரில் தோற்றே பாசுபதம் பெற்றான். காமன் கூத்தில் மன்மதனும் சிவன்மேற் கணைவிட்டு எரிகின்றான். எனினும் அக்கணை பட்டது என்பதனை மறந்து அவனை வலியற்றவன் என ஒருவரும் கூறுவதில்லை. பொன்னர் சங்கரில் தமையனின் பொறுமையும் தம்பியின் சினமும் வெவ்வேறு வலிமைகளாகவே ஆடப்படுகின்றன. இவருள் யார் பெரியர் என்னும் வினா விடியுமட்டும் எழுவதில்லை.

தமிழ்மக்கள் கன்னனை அளந்த கோல் வீடுமனிடத்து இல்லாத ஒன்று. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம் அக்கோலைப் பட்டிதொட்டிகளுக்கும் கொண்டுசென்றது. அதற்கு நெடுங்காலம் முன்னரே வில்லிபுத்தூரார் அதனை நிலைநாட்டிவிட்டார். அது கொடை. வில்லிபாரதத்தில், குருதியொழுகக் கிடக்கும் கன்னனிடம் அந்தணனாகி வந்து இரக்கின்றான் கண்ணன். கன்னன் தான் ஈட்டிய புண்ணியம் அனைத்தையும் ஈகின்றான். மேற்குறித்த மார்வல் விளையாட்டின் ஏழு ஆற்றல்களுள் கொடை இடம்பெறவில்லை. ஆயின், நற்செயலால் சேர்வதும், கொலை செய்யின் முற்றும் அழிவதும், தாயம் தவறுமிடத்துச் செலவிட்டு உய்வதுமாகிய ஒருவகைப் புள்ளி அதிலுண்டு. வடமொழிச் சொல்லையே எடுத்தாண்டு அதற்குக் கர்மம் என்று பெயரிட்டுள்ளனர். அப்புள்ளிகளைத் தோழரோடு பொதுவில் வைத்துப் பகிர்தற்கு அங்கே விதியுண்டு. பகைவனின் தேர்ப்பாகனுக்கு அவற்றை வார்த்துக் கொடுத்தற்கு இல்லை.