சோரியாங்குப்பத்துக்குத் தண்ணி எத்தனை மணிக்கு?

புயல் வந்தால் டி.வி.யில் ஒரு படம் ஓடுமே, பார்த்திருப்பீர்கள். வங்கக்கடலில் வெள்ளையாக ஒரு சக்கரம் சுழலும். சிவப்பு அம்பு ஒன்று சென்னையைக் குத்தும். அப்புறம் மனசு மாறிக் கடலூரைக் குத்தும். பின்னணியில் பேய்ப்பட மியூசிக் வேறு! அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டு, 'சரி, நம்ம தெருவுக்கு எப்போ?' என்று கேளுங்கள். பதில் இருக்காது.

இந்த மாதிரி அசையும் தகவல் படங்களைச் செய்ய இப்போது வரைபடக் கலை மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எதை அசைப்பது என்று கற்றுத் தருகிற அளவுக்கு, எதை அசைக்கக் கூடாது என்பதையும் கற்றுத் தரவேண்டாமா?

வரைபடப் பள்ளி நமக்குப் புதுசில்லை. 1794-ல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களை வைத்து ஆரம்பித்த சர்வே ஸ்கூல்தான் பிற்பாடு கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஆனது. அங்கே பாடம், அசையாத நிலத்தை அளப்பது. வரைபடத்தைச் சினிமாவாக ஓடவிட்ட முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கரான வால்டோ டாப்ளர். டெட்ராய்ட் நகரப் பகுதி வளர்ந்த கதையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டி 1970-ல் கட்டுரை எழுதினார்.

இந்த வித்தையின் சூப்பர் ஸ்டார், ஸ்வீடன் டாக்டர் ஹான்ஸ் ரோஸ்லிங். 2010-ல் பி.பி.சி.க்காக 200 நாடுகளின் 200 வருஷக் கதையை நாலே நிமிஷத்தில் குமிழிகளாக ஓடவிட்டார். அபாரம்! ஆனால், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதி புரியாது. கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி மனுஷர் கையை நீட்டி நீட்டிப் பேசியதில்தான் பாதி வெற்றி.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அசையும் படம் பார்த்தவர்களுக்கு ஜாலியாக இருந்தது. ஆனால் தாங்களே விவரங்களை அலசிப் பதில் சொல்ல வேண்டியபோது, வரிசையாக அடுக்கிய அசையாத குட்டிப் படங்களே ஜெயித்தன.

அப்படியானால் அசைவே வேண்டாமா? வேண்டும். கணக்குப் பாஷையில் சொன்னால், அச்சடித்த வரைபடம் ஒரு பேலன்ஸ் ஷீட். இந்தத் தேதியில் நிலவரம் இது என்று சொல்லும், அவ்வளவுதான். அன்றுவரை என்ன நடந்தது என்று தெரிய லாப நஷ்டக் கணக்கு வேண்டும். வெள்ளம் அந்த ரகம்.

சோரியாங்குப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, பாகூர் கொம்யூனில், தென்பெண்ணைக் கரையில் இருக்கும் கிராமம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புயல் போனதும் கதை முடிந்ததா? இல்லை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். பாகூர் பக்கமும் வெள்ளம். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது தமிழக அரசு. முன்னறிவிப்பே இல்லை என்றன எதிர்க்கட்சிகள்.

சண்டை இருக்கட்டும். அணைக்கும் கிராமத்துக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். தண்ணீர் அதைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிகள்தான் உயிர். ஆட்டையும் மாட்டையும் மேட்டுக்கு ஓட்ட, ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்த, பாட்டியைத் தூக்கிக்கொண்டு போக. அந்த நேரத்தைக் கண்ணில் காட்ட அசையும் வரைபடத்தை விட்டால் வேறு எது?

இதில் இன்னொரு கூத்து. கடலூர் மாவட்டத்துக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது பாகூர். தமிழ்நாட்டு வரைபடத்தில் அது வெறும் வெள்ளைப் பொத்தல். புதுச்சேரி வரைபடத்திலோ அணையே கிடையாது! தண்ணீருக்கு எல்லை தெரியுமா? மாணவர்களுக்கு முதல் பாடமே இதுதான்: ஆறு ஓடுகிற வரைக்கும் படம் போடு.

மற்ற பாடங்கள் எளிது. கடிகாரத்தை மூலையில் ஒளிக்காதே, பெரிசாகப் போடு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசையட்டும். நிறுத்திப் பார்க்க ஒரு பட்டன் வை. கரண்ட் போன வீட்டுக்கு அசையாத படங்களாக ஒரே தாளில் அடித்துக் கொடு. முக்கியமாக, அந்த மியூசிக்கை நிறுத்து!

பரீட்சையையும் காலேஜில் வைக்காதீர்கள். சோரியாங்குப்பத்தில், கம்ப்யூட்டரே தொடாத ஓர் ஆயாவிடம் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 'தண்ணி நம்ம ஊருக்கு எத்தனை மணிக்கு ஆயா வரும்?' அவர் சரியாகச் சொல்லிவிட்டால் பையனுக்கு நூற்றுக்கு நூறு. முழித்தால், பையன் ஃபெயில்.